ஒரு நாள் மட்டும் நிற்கும் முட்டை

நேத்து சீனர்களோட டிராகன் படகுத் திருநாள். மத்தியானம் சரியா பன்னிரண்டு மணிக்கு, எங்க ஆபீஸ் மெய் லிங் ஒரு பச்சை முட்டையை மேசைமேல நெட்டுக்குத்தலா நிறுத்திட்டா. என்னோடது உருண்டுக்கிட்டே இருந்துச்சு.

"இந்த ஒரு நாள்தான் நிக்கும்லா. அடுத்த வருஷம் பாரு," அப்படின்னு சொன்னா.

முட்டைக்கு நாள் கிழமை தெரியுமா என்ன?

இன்னைக்கு ஆயர் ஈத்தாம்ல இருக்கிற மாமாக் சாப்பாட்டுக் கடையில முட்டை ரொட்டி சொன்னேன். முட்டையை மட்டும் உடைக்காம முதல்லயே கேட்டு வாங்கிக்கிட்டேன். வழுக்குற மேசை. முக்கால் மணி நேரம். தே தாரிக் டீ ஆறிப்போச்சு.

நின்னுச்சு. கையை எடுத்தும் நின்னுச்சு.

படம் எடுக்கணும். பைக்குள்ள கைவிட்டு போனைத் தேடி நிமிர்றதுக்குள்ள, ரொட்டி போடுற அண்ணன் முட்டையைத் தூக்கி ரொட்டியில உடைச்சு ஊத்திட்டார்.

"என்ன அண்ணே இது?"

"விளையாடி முடிச்சிட்டீங்கன்னு நினைச்சேன். ரொட்டி வேணாமா?"

மெய் லிங்குக்கு ரொட்டியைத்தான் படம் பிடிச்சு அனுப்பினேன். சிரிக்கிற முகம் ஒண்ணு வந்துச்சு.

இப்போ ரெண்டாவது ரொட்டி சொல்லியிருக்கேன். முட்டை மேசைக்கு வந்தாச்சு. பக்கத்துல யாராவது இருந்தா வாங்க. நான் முட்டையைப் பிடிக்கிறேன், நீங்க அண்ணனைப் பிடிச்சுக்குங்க.