எனக்கென்று ஒரு டம்ளர்

குழாய் ரிப்பேர்காரனுக்கு எந்த வீடும் முதலில் பின்பக்கமாகத்தான் தெரியும். நெய்வேலி டவுன்ஷிப்பில், தொண்ணூறுகளில், காண்ட்ராக்ட் ஆளாகப் பல வருஷம் குவார்ட்டர்ஸ் குழாய்களைப் பார்த்தவன் நான். ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் ஞாபகம் மட்டும் குறையவில்லை. என்னைச் சிறுமைப்படுத்தியவர்களின் பிளாக், வீட்டு நம்பர், கதவின் நிறம் எல்லாம் இன்றும் சொல்வேன். அடுத்தவர் வீட்டு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத் தாகத்தோடு திரும்பியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அந்த வீடுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர்கள் குடிக்கிற டம்ளரில், அவர்கள் கையால் எடுத்துக் கொடுக்க, ஒரே ஒரு தடவை தண்ணீர் குடித்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்த வீடு அது.

மூன்றாவது கேள்வி

டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். யார் என்ன ஆள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கேட்பார்கள். அந்த வீட்டுக்கு முதல் தடவை போனபோது சார் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மைன்ஸில் நல்ல வேலை, தன்மையான பேச்சு. "வாப்பா, உக்காரு" என்று ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டார்.

பேரைக் கேட்டார். அந்தோணி என்றேன். அதில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஊரைக் கேட்டார். முத்தாண்டிக்குப்பம் பக்கம் என்றேன். பிறகுதான் அந்த மூன்றாவது கேள்வி வந்தது. "ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிங்க சார்" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லத் தோன்றவில்லை. அவர் முகம் மாறவே இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பேப்பரை மடித்து, நான் இன்னும் உட்காராத அந்த ஸ்டூலின் மேல் வைத்தார். "சும்மாதான் கேட்டேன், தப்பா நெனைக்காத. பின்பக்கமா வந்துடு."

காக்கை தள்ளிவிட்டது

அந்த வீட்டம்மா கெட்டவர் இல்லை. வெயிலில் போனால் கேட்காமலேயே தண்ணீர் ஊற்றுவார். ஆனால் எனக்கான எவர்சில்வர் டம்ளர் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரின் மேல் கவிழ்ந்திருக்கும். நானே எடுத்து நீட்ட வேண்டும். அவர் சொம்பை உயரத் தூக்கி ஊற்றுவார். குடித்துவிட்டு, கழுவி, மறுபடி கவிழ்த்து வைக்க வேண்டும். மூன்று வருஷம் நானும் அந்த டம்ளரும் மழையிலும் வெயிலிலும் அந்த வீட்டுக்கு வெளியிலேயே இருந்தோம்.

ஒரு நாள் காக்கை அதைச் சாக்கடையில் தள்ளிவிட்டது. நல்லதாகப் போயிற்று, இன்றைக்கு வேறு வழியில்லை, உள்ளேயிருந்துதான் டம்ளர் வரும் என்று நினைத்தேன். உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அம்மா சுவரைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னார்: "இன்னிக்கு ஒரு நாள் கையில வாங்கிக் குடிச்சிடு அந்தோணி. நாளைக்கே உனக்குன்னு புதுசு ஒண்ணு வாங்கி வச்சிடறேன்."

ஜன்னல் வழியே ரிப்பேர்

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று ஆள் வந்தது. அந்தச் சமையலறை மூலையில்தான் சாமி அலமாரி. நான் உள்ளே வரக்கூடாது. அதனால் சார் கையில் ரெஞ்சைக் கொடுத்துவிட்டு, நான் ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல அவர் செய்வது என்று ஏற்பாடு.

"சிங்க்குக்குக் கீழ வால்வு இருக்குங்க சார், அத மொதல்ல மூடுங்க."

"மூடிட்டேம்ப்பா."

"நல்லா இறுக்கமா மூடிட்டீங்களா?"

"எனக்குத் தெரியாதா? மேல சொல்லு."

அவர் எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தார். குழாயின் தலையைக் கழற்றியதும் தண்ணீர் கூரைக்குப் பீய்ச்சி அடித்தது. விளக்கு அணைந்தது, சாமி படங்களெல்லாம் நனைந்தன. "அந்தோணி, ஓடியா, உள்ள ஓடியா!" என்று அம்மா அலறினார். ஓடினேன். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, குனிந்து வால்வை மூடி, வாஷர் மாற்றி, குழாயைப் பூட்டினேன். கால் மணி நேரம் அந்தச் சமையலறையில் இருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் அவர்கள் டம்ளர்கள் வரிசையாக இருந்தன. எனக்குத் தொண்டை வறண்டிருந்தது.

அம்மா குழாயைத் திறந்து பார்த்தார். தண்ணீர் ஒழுங்காக வந்தது. அதே தண்ணீரை வாளியில் பிடித்து, மஞ்சள்பொடியைக் கரைத்தார். "நல்ல வேள, காப்பாத்தின. கொஞ்சம் வெளிய நின்னுக்க, நீ நின்ன எடத்த நான் கழுவி விட்டுடறேன்."

ஷெட்டில்

நேரே எங்கள் மெயின்டனன்ஸ் ஷெட்டுக்கு வந்தேன். சாக்கடை அடைப்பு எடுக்கிற கோவிந்தன் மட்டும் இருந்தான். திருவதிகைக்காரன், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். நடந்ததை எல்லாம் கத்திச் சொன்னேன். பானையில் மொண்டு இரண்டு டம்ளர் குடித்தேன். மறுபடியும் திட்டினேன். அவனும் என்கூடச் சேர்ந்து திட்டாதது எனக்குக் கோபமாக இருந்தது.

"என்னடா, கல்லு மாதிரி குந்திகினு இருக்க?"

அவன் எழுந்து போய்க் கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கிய பச்சை பிளாஸ்டிக் மக்கை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினான். அது அவனுடைய மக். சாக்கடையில் இறங்குகிறவன் எங்கள் பானையில் கை விடவேண்டாம் என்று, அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றே அந்த ஆணியை அடித்தவன் நான். அன்றுமுதல் அவனுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றியவனும் நான்தான். உயரத் தூக்கித்தான் ஊற்றுவேன்.

ஊற்றினேன். கை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. குடித்து முடித்து, மக்கை உதறிக்கொண்டே கோவிந்தன் சொன்னான்: "அந்தம்மா உனக்கு செவுத்து மேல வச்சிது, நீ எனக்கு ஆணியில மாட்டின. எனக்கும் தாகம்தாண்ணா எடுக்குது."

மக்கை அன்றைக்கே தூக்கி எறிந்துவிட்டேன். ஆணியைப் பிடுங்கத்தான் எனக்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று.