பார்சல் கவுண்டரில் சீனப் பாடம்

நாற்பத்தெட்டு வயதில் சீன மொழி படிக்க வேண்டும் என்று பார்சல் கவுண்டர்க்காரிக்கு ஆசையா என்ன? எல்லாம் வீட்டுக்காரரால் வந்த வினை. லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு ஒரு விபத்தில் முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. செயற்கைக்கால் சீனாவிலிருந்து வந்தது. மிச்சக் கால் நுழைகிற கிண்ணத்தை ஏற்கெனவே மாற்றியும் குத்தியது. அடுத்ததும் சரிவராவிட்டால் கட்டிலே கதி என்று மனிதர் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள் வேறு.

அதைச் செய்து தரும் சீனக்காரர் வீடியோவில் பொறுமையாகத்தான் கேட்டார். மொழிபெயர்க்கும் செயலிதான் உயிரை வாங்கியது. கிண்ணத்துக்குள் புடைப்பு என்றால் அது வீக்கம் என்று மாற்றிச் சொல்லும். அவர் உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்வார். போதுமடா சாமி என்று அவளே படிக்க உட்கார்ந்தாள்.

குழிந்திருந்தால் ஆவ், புடைத்திருந்தால் தூ, சமமாக இருந்தால் பிங், வழுவழுப்புக்கு குவாங்ஹுவா. கவுண்டருக்கு வந்த பெட்டிகளையெல்லாம் தடவித் தடவி முணுமுணுத்தாள். மேலாளர் கூப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார். வீட்டிலோ, "அடிபட்டது எனக்கு, புத்தி கலங்குனது உனக்கா?" என்றார் வீட்டுக்காரர். பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு. யாருக்காக இந்தக் கூத்து?

வீடியோவில் பேச வேண்டிய நாளும் வந்தது. கிண்ணத்துக்குள் விரலை விட்டு, எங்கே தூ, எங்கே பிங் என்று பிசிறில்லாமல் ஒப்பித்தாள். சீனக்காரர் முகம் மலர்ந்தது. பிறகு அவர் தன் முழங்காலுக்குக் கீழே தடவிக் காட்டி, இங்கே எப்படி என்று கேட்டார்.

அவள் பக்கத்திலிருந்த வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். சொல் தெரியாமல் இல்லை. விபத்துக்குப் பிறகு அந்தக் காலை அவர் அவளிடம் காட்டியதே இல்லை. கட்டு மாற்றும்போதும் கிண்ணத்துக்கு அளவெடுக்கும்போதும்கூடக் கதவைச் சாத்திக்கொள்வார். தட்டினால் எரிந்து விழுவார்.

"நீங்களே தடவிப் பார்த்துச் சொல்லுங்க. நான் திரும்பிக்கிறேன்," என்றாள் கடுப்பாக.

அவர் வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றினார். பிறகு மிச்சக் காலில் மாட்டியிருந்த துணி உறையை உருட்டிக் கழற்றினார்.

"நீயே பாரு."

அவள் கை வைத்தாள். கிண்ணம் உள்ளே புடைத்திருந்த அதே இடத்தில் இங்கே எலும்பும் முட்டிக்கொண்டு நின்றது. குத்தாமல் என்ன செய்யும்? காட்டியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

"இதை மறைக்கவா இவ்வளவு நாள் வலியை முழுங்கினீங்க?" என்றாள். திட்டத்தான் வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது.