ராமென் கடையில் என் வலது கை

வலது கை நடுங்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. அதிலிருந்து நான் பிறர் முன்னால் சாப்பிடுவதில்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு உட்காராமல் திரும்பிவிடுவேன். காரணம் கேட்பவர்களிடம் சர்க்கரை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

போன மாதம் பதவி உயர்வு கிடைத்த மகள், மதுரையில் புதிதாகத் திறந்த ஜப்பானியக் கடைக்கு என்னைப் பிடிவாதமாக அழைத்துப்போனாள். ராமென் என்ற நூடுல்ஸ் சூப் வந்தது. கூடவே இரண்டு குச்சிகள். உள்ளே பதினான்கு பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் என் கையைத்தான் பார்ப்பார்கள் என்று அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

பக்கத்து மேசைக்காரர் குச்சியால் தூக்கிய நூடுல்ஸ் வழுக்கி அவருடைய வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"கழுத்துல ஒரு துண்டு கட்டிவிடவா?" என்றார் அவர் மனைவி.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, குச்சிய நம்புனா இன்னைக்குப் பட்டினிதான். கிண்ணத்தத் தூக்கிக் குடிச்சிருவோம், வாங்க."

சுற்றிலும் பார்த்தேன். யார் கையும் நிலையாக இல்லை. இரண்டு கைகளாலும் கிண்ணத்தைத் தூக்கினேன். சூப் மேசையில் சிந்தியது.

"கை நடுங்குதும்மா" என்றேன் மகளிடம்.

"தெரியும்ப்பா. நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் இம்புட்டு நாளா கேக்கல."

நடுக்கத்தைவிட அதை மறைத்ததில்தான் நான் களைத்துப்போயிருந்தேன். மீதி சூப்பை மெதுவாகக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.