தள்ளாமல் ஏறியவர்

அந்த டிசம்பர் ஞாயிறு மஜீத் வந்தான், ஜோசப் வந்தான், நான் வந்தேன். மூணாறுக்குச் சைக்கிளில் ஏறும் பயணத்தை ஏற்பாடு செய்த சிவராமன்தான் காய்ச்சலில் படுத்துவிட்டான். அவனுக்காக எடுத்த வாடகைச் சைக்கிளில், கொச்சி மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் கைவண்டி தள்ளும் எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்தார். குட்டை உருவம், தலையில் தோர்த்துத் துண்டு, முறுக்கேறிய கைகள். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான் என்பதால் என்னைச் 'சாரே' என்பார்.

சைக்கிள்களை பஸ் கூரையில் ஏற்றி அடிமாலியில் இறங்கினோம். மூணாறு மலைப்பாதையில் மூச்சு வாங்கியதும் நாங்கள் மூவரும் இறங்கித் தள்ளினோம். அவர் தள்ளவில்லை. கால் தரையில் பட்டுவிட்டால் முந்தைய வளைவுக்கே திரும்பிப் போய் மறுபடி மிதித்து வருவார்.

மேலே சாயாக்கடையில் நடுங்கியபடி காத்திருந்தோம். எல்லோரும் வந்தபிறகுதான் பீர் திறப்பது என்று பேச்சு. ஊருக்குத் திரும்பும் கடைசி பஸ் வந்து நின்றது. கீழ் வளைவில் அவர் தெரிந்தார்.

"அண்ணே, பஸ் போயிரும்! இறங்கித் தள்ளிட்டு வாங்க!" என்று கத்தினேன்.

"தள்ளுறதுக்கா சாரே இவ்வளவு தூரம் வந்தேன்? வருஷம் பூரா அதைத்தானே செய்யிறேன்! நீங்க போங்க!"

மஜீத் என்னைப் பார்த்தான். "இவரை விட்டுட்டு நீ பீர் குடிப்பியோடா?"

பஸ்ஸை அனுப்பிவிட்டோம். இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தவர், சைக்கிளில் உட்கார்ந்தபடியே பாட்டிலை வாங்கிக்கொண்டார். அப்படி ஒரு பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

மறுநாள் ஊர் திரும்பியதும் சைக்கிள் கடைக்காரர் கூடுதலாக ஒரு நாள் வாடகை கேட்டார். நான்கு சைக்கிளுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு ரூபாய். பேரம் பேசாமல் கொடுத்தோம்.