கத்தரி மேடம் வெட்டிய வரி

அந்தப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறையில் அவருக்குக் கத்தரி மேடம் என்று பெயர். வைத்தது யாரோ தெரியாது, ஆனால் பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் செய்திக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. ஆயிரம் சொல் எழுதிக் கொடுத்தால் நானூறாகத் திரும்பி வரும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, பிள்ளைகள் தங்கள் முதல் பத்தியை லேசில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். உலகம் தோன்றிய நாள்முதலாக மனிதனுக்குத் தண்ணீர் தேவைப்பட்டு வருகிறது என்று ஆரம்பித்து, நாலாவது பத்தியில்தான் விடுதியில் குழாய் உடைந்த சங்கதி வரும். “ஏம்ப்பா இப்படிச் சுத்தி வளைச்சு மூக்கைத் தொடறே? குழாய் உடைஞ்சுதா இல்லையா?” என்று கேட்டுவிட்டு, மூன்று பத்தியையும் சிவப்பு மையால் அடித்துவிடுவார்.

அவருக்கு மட்டும் ஆங்கிலம் தாய்ப்பாலோடு வந்துவிட்டதா என்ன? கல்லூரி வரைக்கும் தமிழில் படித்தவர். ஓர் ஆங்கில நாளிதழில் பிழை திருத்துகிறவராகச் சேர்ந்து, அடுத்தவர் செய்த பிழைகளைப் பார்த்துப் பார்த்தே அந்த மொழியைக் கற்றுக்கொண்டார். பிறகு துணை ஆசிரியர். நிருபர்கள் ஊரெல்லாம் அலைந்து எழுதிக்கொண்டு வருவதை, பக்கத்தில் இருக்கும் இடத்துக்குத் தக்கபடி வெட்டித் தலைப்பு வைக்க வேண்டும். இருபத்தோரு வருஷம், அதே ஜன்னலோர நாற்காலி. நாளிதழ் அந்த ஊர்ப் பதிப்பை மூடியபோது மூன்று மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர்தான், என் பேச்சை வெட்டுறதுக்கு மட்டுமா இந்தத் திறமை, காலேஜ் பிள்ளைங்களுக்கும் கொஞ்சம் குடேன் என்று கேலி செய்தே விண்ணப்பம் போட வைத்தார். அந்தக் கேலிக்கு மேடம் இன்றைக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறார். நேரில் சொன்னால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது.

அவர் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகள் பேட்டி எடுப்பது தமிழில், எழுதுவது ஆங்கிலத்தில். பேசிய ஆளுக்கோ பெரும்பாலும் ஆங்கிலம் படிக்க வராது. அதனால் மாணவர் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன், யார் பேச்சை எழுதினார்களோ அவரிடமே திரும்பிப் போய், ‘உங்க பேர்ல இப்படி எழுதியிருக்கேன்’ என்று தமிழில் சொல்லிக் காட்ட வேண்டும். எந்தப் பேப்பர்ல மேடம் இப்படிச் செய்றாங்க என்று பிள்ளைகள் கேட்பார்கள். எந்தப் பேப்பரிலும் இல்லைதான். நாளிதழில் இருந்த காலத்தில் அவர் ஒரு நர்ஸின் பேச்சில் பாதியை இடமில்லாமல் வெட்டப்போக, தப்பே செய்யாத அந்தப் பெண் மேலேயே பழி விழுந்து, அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஆறாம் பக்கத்தில் இரண்டு வரி வருத்தம் போட்டதோடு சரி. அந்த நர்ஸின் முகம் எப்படியிருக்கும் என்றுகூட மேடத்துக்குத் தெரியாது.

இந்த வருஷப் பத்திரிகையின் முதல் பக்கக் கட்டுரை, ஒரு தையல்காரரின் மகள் எழுதியது. வகுப்பில் வாயைத் திறந்து பேசாத பெண். ஆறு மாடி ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு லிஃப்டில் ஒன்று நாலு மாதமாக ஓடவில்லை. அந்தப் பெண் மூன்று நாள் அங்கேயே நின்று, நோயாளிகளோடு படி ஏறி இறங்கி, ஓடுகிற லிஃப்டை இயக்குகிறவரிடமும் பேசி எழுதியிருந்தாள். அவ்வளவு நல்ல கட்டுரை. மேடம் ஆறு வரிதான் வெட்டினார். வெட்டிவிட்டு, ப்ரூஃபை அவளிடம் கொடுத்து, நாலு மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

மூன்றரை மணிக்கு அவள் ஓடி வந்தாள். துப்பட்டாவெல்லாம் வியர்வை. அந்த ப்ரூஃபை மேஜைமேல் வைத்துவிட்டு, லிஃப்ட்காரர், இது நான் சொன்னதில்லையே என்கிறார் என்றாள்.

மேடத்துக்குச் சுருக்கென்றது. போன வாரமே அவரிடம் சொல்லிக் காட்டியாயிற்றே என்று கேட்டார்.

“அது நான் எழுதினது மேடம். இது நீங்க வெட்டினதுக்கு அப்புறம் வந்தது. அதான் மறுபடி போனேன்.”

லிஃப்ட்காரர் சொன்னது இதுதான்: இன்னொரு லிஃப்ட் ஓடலைன்னு மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன், யாரும் வரலை, அதனாலதான் நடக்க முடிஞ்சவங்களைப் படியில போகச் சொல்றேன். பெண் அப்படியேதான் எழுதியிருந்தாள். மேடத்தின் சிவப்பு மை முன்பாதியைத் தின்றுவிட்டது. மிச்சமிருந்தது, நோயாளிகளைப் பார்த்துப் படியில் போ என்று விரட்டுகிற ஓர் ஆள். ஒப்பந்த வேலைக்காரர் வேறு. அச்சில் வந்தால் மறுநாளே அவருடைய இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார்.

முதலில் மேடத்துக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். இடமில்லை, பக்கம் முடிந்துவிட்டது என்றார். பெண் நகரவில்லை, ப்ரூஃபில் அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். மேடம் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். நர்ஸுக்குச் செய்ததை அப்படியே லிஃப்ட்காரருக்கும் செய்திருக்கிறார், அதுவும் தன் சட்டத்தைத் தானே வகுப்புக்கு வகுப்பு ஓதிக்கொண்டு.

அச்சகத்துக்குப் போன் போட்டார். அச்சகக்காரர், இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான், அதுக்கு மேல மெஷின் என் பேச்சைக் கேக்காது என்று முணுமுணுத்தார். மேடம் தலைப்பை இரண்டு வரியிலிருந்து ஒன்றாக்கி, மிச்சமான இடத்தில் லிஃப்ட்காரரின் பேச்சை முழுசாகப் போட்டார். அனுப்பி முடித்த பிறகுதான் அவளை உட்காரச் சொன்னார்.

“என்கிட்ட வந்து சொல்லப் பயமா இல்லையா?” என்று கேட்டார்.

“இருந்துச்சு மேடம். ஆனா அவர், நான் சொன்னதுல பாதியைக் காணோமேம்மான்னு என் மூஞ்சியைப் பாத்துக் கேட்டுட்டாரு.”

நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததை நீ எனக்குச் செய்து காட்டிவிட்டாய் என்று மேடம் அவளிடம் சொன்னார். மறுநாள் வகுப்பிலும் ஒளிக்காமல் சொன்னார், வெட்டியது நான், காப்பாற்றியது இவள் என்று. யானைக்கும் அடி சறுக்கும் மேடம் என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் ஆறுதல் சொல்ல, வகுப்பே சிரித்தது. தையல்காரர் மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆனால் சட்டப்படி ஒரு வேலை பாக்கி இருந்தது. கடைசியாகக் கை வைத்தவர்தானே போய்ச் சொல்லிக் காட்ட வேண்டும்? பத்திரிகை வந்த அன்று மேடம் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனார். லிஃப்டுக்குள் ஒரு முக்காலி, அதன்மேல் நரைத்த மீசையோடு ஒருவர். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, தான் யாரென்று சொல்லி, அவர் பேச்சை வெட்டியதையும் சொல்லி, அச்சில் வந்ததைத் தமிழில் நிதானமாகச் சொல்லிக் காட்டினார். லிஃப்ட்காரர் கண்ணை மூடிக் கேட்டார்.

“ஆமா, இதான் நான் சொன்னது,” என்றார்.

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ரொம்ப நன்றிங்க என்றார்.

லிஃப்ட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “நன்றி நானில்ல சொல்லணும்? நீங்க எதுக்கும்மா?”

“பேப்பர்ல இருபத்தோரு வருஷம், அப்புறம் காலேஜ்லயும், எத்தனையோ பேர் பேச்சை வெட்டியிருக்கேங்க. அதுல ஒருத்தர் முகத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன்.”