கால் முதலில் வந்தவன்

இடுப்பு பிடித்துக்கொண்டபோது என் கைகளில் என் மகன் இருந்தான். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றத் தூக்கியவள், பாதியில் அப்படியே நின்றுவிட்டேன். முன்னாலும் நகர முடியவில்லை, பின்னாலும் நகர முடியவில்லை. அவனைக் கீழே போட்டுவிடக் கூடாது என்பது மட்டும் புத்தியில் இருந்தது. சுவரில் சாய்ந்து மெல்லச் சறுக்கி, அவனை மடியில் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவனுக்கு அது விளையாட்டு, சிரித்தான். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கணவர் ஆவடித் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வரும்வரை இருவரும் அங்கேயே கிடந்தோம்.

மகனுக்குப் பத்தொன்பது வயது. பிறக்கும்போது கால் முதலில் வந்தது. தலை சிக்கி, மூச்சு வரத் தாமதமாகி, நடையும் பேச்சும் அதோடு போய்விட்டன. நாம் சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும். ஆனால் தூக்கும்போது அவனால் எனக்கு உதவ முடிந்தது ஒன்றுதான். நான் குனிந்தால் இரண்டு கைகளையும் என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வான். காலையில் அந்தக் கைகள் கழுத்தில் விழுந்த பிறகுதான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

இடுப்பு வலி என்று வாய் தவறிச் சொன்னால் போதும், எங்கள் குவார்ட்டர்ஸில் மாடிக்கு ஒருவர் மருத்துவராகக் கிளம்பிவிடுவார். திருநெல்வேலிக்காரி எண்ணெய் கொடுத்தாள், சேலத்துக்காரி தன் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தாள். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பால் கொண்டுவரும் அம்மா மட்டும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"இன்னாம்மா நீ, ஊட்லயே வைத்தியத்த வச்சிகினு எண்ண தேச்சிகினு கீற? உம்புள்ள கால் மொதல்ல வந்து பொறந்தவன்தான? அவன் நாலு வாட்டி மிதிச்சா சுளுக்கு பறந்துடும்."

அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அந்த அம்மா மனசில் கெட்டது வைத்துச் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும்.

"அவன் மிதிக்கிற மாதிரி இருந்தா எனக்கு ஏம்மா இடுப்பு போவுது?" என்றேன்.

அவர் பாலை ஊற்றிவிட்டுப் போனார்.

கணவரோடு வேலை செய்பவர் ஒருவர், கள்ளிக்குப்பத்தில் ஒரு கைரோபிராக்டர் இருப்பதாகச் சொன்னார். எலும்பைத் தொட்டுப் பார்த்துக் கையாலேயே சரிசெய்வாராம். கணவரோடு போய்ப் பார்த்தால் மருந்துக்கடைக்கு மேலே மாடி. இடுப்பு வலிக்காரர்களை மாடிப்படி ஏறவைக்கிற மனிதரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் வரவில்லை.

போன் வீடியோக்களில் வருவதுபோல டக்கென்று ஒரு சத்தம் கேட்கும், எழுந்து நடந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவரோ அவசரப்படவில்லை. முன்பே எடுத்திருந்த ஸ்கேனைப் பார்த்தார். முட்டியைத் தட்டினார். கால் மரத்துப்போகிறதா என்று கேட்டார். இடது கால் சில நாள் மரத்துப்போவதைச் சொன்னேன். அதுவரை அவரிடம்கூடச் சொன்னதில்லை; கணவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"கனமா ஏதாவது தூக்குவீங்களாம்மா?"

"பையனத் தூக்குவேன்."

"கொழந்தைய இடுப்புல வச்சுக்காதீங்க. கீழ எறக்கி விட்டு நடக்க வைங்க," என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

"அவனுக்குப் பத்தொன்பது வயசு. நடக்க மாட்டான்," என்றேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் வைத்து, மூச்சை விடச் சொல்லி மெதுவாகத் திருப்பினார். நெட்டி முறிகிற சத்தம் ஒன்று கேட்டது. வலி கொஞ்சம் இறங்கியது. எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ வருடமாக ஓர் உடம்பைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைக்கிறேன். என் உடம்பை இன்னொருவர் தாங்கிப் பிடித்தது எப்போது என்று நினைவே வரவில்லை.

"வலிய நான் கொறைக்க முடியும். நீங்க திரும்பத் தூக்குனா திரும்ப வரும். கால் மரத்துப்போறது அதிகமாச்சுன்னா ஆபரேஷன் வரைக்கும் போகலாம். அப்புறம் உங்களையே ஒருத்தர் தூக்குற மாதிரி ஆயிடும். இனிமே நீங்க அவரத் தூக்கவே கூடாதும்மா," என்றார்.

எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்று பயந்து பயந்தே காலத்தை ஓட்டியவள் நான். அந்த 'எனக்குப் பிறகு' என் கண்முன்னாலேயே வந்து நிற்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

வழவழப்பான பலகை ஒன்றைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே வைத்து, தூக்காமலே நகர்த்துவது எப்படி என்று கைரோபிராக்டரே கணவருக்குச் சொல்லிக்கொடுத்தார். மறுநாளே தொழிற்சாலை நண்பர் ஒருவர் பலகையை இழைத்துக் கொண்டுவந்தார். கணவர் ஷிப்டை மாற்றிக்கொண்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மகன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் என்னைப் பார்த்ததும் கைகளைத் தூக்கினான். நான் குனியாமல் நின்றேன். கணவர் பலகையைச் செருகி அவனை நகர்த்தினார். தூக்கிய கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. மறுநாளும் தூக்கினான். அதற்கடுத்த நாள் தூக்கவில்லை. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். இட்லியை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எத்தனையோ விதமாகச் சொன்னேன். அவனுக்குப் புரிந்திருக்கும், மன்னிக்கத்தான் மனம் வரவில்லை. வாய்க்குள் தண்ணீரை மட்டும் ஸ்பூனால் விட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலம் கைரோபிராக்டர் சொல்லியிருந்த பயிற்சிக்காகக் கூடத்தில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்திருந்தேன். பக்கத்தில் அவனுடைய நாற்காலி. என் கண்ணுக்கு நேரே அவன் கால்கள் தெரிந்தன. பால்கார அம்மா சொன்னது ஞாபகம் வந்தது.

"இவன் சாக்ஸக் கழட்டி, கால என் முதுகுல வைங்க," என்றேன்.

"இதையெல்லாம் நீ நம்புறியா?" என்றார் கணவர்.

"நம்பல. வைங்க."

அவர் நாற்காலியை என்னருகே நகர்த்தி, வலது காலைப் பிடித்து என் இடுப்பில் வைத்தார்.

"கண்ணா, அம்மாவுக்கு அங்கதான் வலிக்குது. உன்னத் தூக்க முடியலன்னுதான் அம்மா வரல. நீ மிதிச்சா சரியாயிடுமாம்."

அவன் பாதம் பிறந்த குழந்தையின் பாதம் மாதிரி இருந்தது. ஒரு காய்ப்பில்லை, ஒரு வெடிப்பில்லை. பத்தொன்பது வருடத்தில் எதன்மீதும் நின்றறியாத கால். கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு அழுத்தியது. கணவர் தன் கையை எடுத்துவிட்டிருந்தார். மறுபடியும் அழுத்தியது. அவன் அழுத்தினானா, நரம்பு இழுத்ததா என்று எனக்குத் தெரியாது. தலைக்கு மேலே, சில நாளாகக் கேட்காத அந்தச் சிரிப்பு கேட்டது.

வலி அப்படியேதான் இருந்தது.

"போயிடுச்சுடா," என்றேன்.

கணவர் இட்லித் தட்டை எடுத்து வந்தார். அவன் வாயைத் திறந்தான்.