சுவரில் ஓர் ஆணி

காய்ந்த செங்கல்லை வாளித் தண்ணீரில் இறக்கினால், குமிழிவிட்டுப் புறுபுறுக்கும். பிறகு முதல் மழை விழுந்த மண் வாசனையைக் கிளப்பிவிட்டு அடங்கும். இன்று காலை அதைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தேன், செங்கல் சுவர் கட்டுவது பற்றி நான் நடத்தும் இணையத்தளத்துக்காக.

"குளிக்கிற வாளியில செங்கல்லு ஊறுது. நான் எதுல குளிக்கிறது?" என்றாள் மனைவி. கட்டட மேற்பார்வை உத்தியோகத்தில் பதுளை மாவட்டம் முழுவதும் அலைந்து ஓய்வுபெற்றவன் நான். எல்லா நடைமுறையும் தெரியும்; குளிக்கிற வாளியை எடுக்க யாரிடம் அனுமதி கேட்பது என்பது மட்டும் தெரியாமல் போயிற்று.

தளத்தை முதலில் அலுவலகத் தமிழில் எழுதியிருந்தேன். 'மேற்படி செங்கற்கள் நனைக்கப்படல் வேண்டும்' என்று ஆரம்பிக்கும். "இதப் படிச்சா செங்கல்லே தூங்கிரும்," என்றாள் அவள். மாற்றினேன். இப்போது தேயிலைத் தோட்டங்களில் சொந்தமாகக் காணித் துண்டு கிடைத்து வீடு கட்டுகிறவர்கள் கைபேசியில் அதை வாசிக்கிறார்கள்.

அந்த ஈரச் செங்கல் வாசனை, நான் பிறந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தின், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளின், வாசனையும்தான். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கும் அடுத்த வீட்டு முத்தம்மாக்கா காம்பராவுக்கும் ஒரே சுவர். சாமி படம் மாட்ட அப்பா ஒருநாள் ஆணி அடித்தார். அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "அண்ணே, எங்க சோத்துல சுண்ணாம்பு விழுந்திருச்சு. வெத்தலையும் பாக்கும் அனுப்புங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "நம்ம செவரா இது, கேக்காம அடிக்க?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். லயம் தோட்ட நிர்வாகத்துடையது. பெயர்ந்த இடத்தைப் பூசக் கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, அவர் கிளாக்கரிடம் சொல்லி, கிளாக்கர் தோட்டத் துரையிடம் சொல்லி, அனுமதி வருவதற்குள் ஓட்டையில் பாசி பிடித்துவிட்டது. பிற்காலத்தில் நான் நடைமுறைகளைக் கரைத்துக் குடித்ததற்கு அந்த ஆணிதான் காரணமோ என்னவோ.

போன மழைக்காலத்தில் மடுல்சீமையிலிருந்து ராஜேஸ்வரி என்ற பெண் தளத்தில் என் எண்ணைப் பார்த்து அழைத்தாள். தேயிலைக் கொழுந்தெடுப்பவள். லொறி ஏறாத பாதையில் ஒவ்வொரு கல்லையும் தலையில் சுமந்து சேர்த்திருந்தாள். சுவர் கட்டும் மேசன் பாஸ் ஒரே நாளில் முழுச் சுவரையும் எழுப்பிவிடுகிறேன் என்கிறாராம். விடலாமா என்று கேட்டாள். சாய்ந்தால் இன்னொரு தடவை சுமக்க அவளுக்கு முதுகு இல்லை. பாஸிடம் கைபேசியைக் கொடுக்கச் சொன்னேன்.

"ஐயா, மழை வரப்போகுது. இன்னைக்கே கூரை மட்டத்துக்கு ஏத்திடுறேன்."

"ஈரக் கலவை மேல அவ்வளவு பாரம் தாங்காது பாஸ். நெஞ்சு மட்டத்தோட நிறுத்துங்க."

"நீங்க கம்ப்யூட்டர்ல நனையாம இருக்கீங்க. நானுல்ல இங்க நிக்கிறேன்."

பின்னாலிருந்து ராஜேஸ்வரியின் குரல் கேட்டது. "பாஸ், அது என் செவரு. ஐயா சொன்ன மட்டத்தோட நிறுத்துங்க."

கட்டியவரை சுவரை மழைக்கு மூட என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். 'பொலித்தீன் விரிப்பால் மூடவும்' என்று தளத்தில் எழுதியவன் நான்தான். எனக்குள் லயத்தில் பிறந்தவன் விழித்துக்கொண்டான். "கொழுந்துக்குப் போறப்ப நனையாம இடுப்புல கட்டுற படங்கு இருக்குல்ல? பக்கத்துல உள்ளவங்ககிட்டயும் வாங்கிக் கட்டும்மா."

அன்று மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் படம் அனுப்பியிருந்தாள். காலையில் பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, வந்து நிற்கும் பெண்களைப் போல, படங்கு கட்டிக்கொண்டு சுவர் நிமிர்ந்து நின்றது. எத்தனையோ கட்டடங்களின் திறப்பு விழாவில் பின்வரிசையில் நின்று கைதட்டியிருக்கிறேன். இதைத்தான் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இன்று செங்கல் வாளியில் ஊறிக்கொண்டிருக்கும்போதே ராஜேஸ்வரி மீண்டும் அழைத்தாள். வீடு முடிந்துவிட்டது.

"ஐயா, சாமி படம் மாட்டணும். ஆணி அடிக்க யாருகிட்ட கேக்கணும்?"

எனக்குத் தெரிந்த எல்லா நடைமுறையையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். இதற்கு ஒன்றுமே இல்லை.

"யாருகிட்டயும் இல்லம்மா. பூச்சு காஞ்சிருச்சுன்னா அடிங்க."

சுத்தியல் சத்தம் கைபேசியில் கேட்டது. பழக்கதோஷத்தில் என் காது சுவரின் மறுபக்கக் குரலுக்குக் காத்திருந்தது. முத்தம்மாக்கா இல்லை, அந்த லயமும் இப்போது இல்லை. ராஜேஸ்வரியின் சுவருக்கு அப்பால் தேயிலையும் மழையும்தான். யாருடைய சோற்றிலும் சுண்ணாம்பு விழவில்லை.